உபவாச ஜெபம்: முதலில் ஜெபத்தைத் திட்டமிடுங்கள், பிறகு சாப்பாட்டை விடுங்கள்

உபவாசம் என்றதும் பலர் முதலில் கேட்பது, தண்ணீர் குடிக்கலாமா, காபி குடிக்கலாமா, எத்தனை மணிக்கு முடிக்கலாம் என்பதைத்தான். தேவையான கேள்விகள்தான்; ஒவ்வொன்றுக்கும் கீழே பதில் இருக்கிறது. ஆனால் அவற்றுக்கு முன்னால் ஒன்றைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். அந்த நாளில் எந்த நேரத்தில், எதற்காக, எப்படி ஜெபிக்கப்போகிறீர்கள்? அதை முடிவு செய்யாமல் சாப்பாட்டை மட்டும் விட்டால் சாயங்காலம் மிஞ்சுவது தலைவலியும் எரிச்சலும்தான். சகரியா 7:5-ல் கர்த்தர் கேட்பதும் இதைத்தான்: எழுபது வருஷம் நீங்கள் உபவாசம்பண்ணியது எனக்காகத்தானா?

ஆகவே ஜெப நேரத்தை முதலில் குறியுங்கள். எந்தச் சாப்பாட்டை விட்டால் அந்த நேரம் கிடைக்கும் என்று அதற்குப் பிறகு பாருங்கள்.

எதற்காக என்பதை ஒரே வரியில் எழுதுங்கள்

பாபிலோனிலிருந்து எருசலேமுக்கு ஜனங்களை அழைத்துப்போகிற வழியில், அகாவா ஆற்றங்கரையில் எஸ்றா உபவாசம் கூறினபோது காரணம் பளிச்சென்று இருந்தது. தங்களுக்கும், தங்கள் பிள்ளைகளுக்கும், கொண்டுபோகிற பொருட்களுக்கும் செவ்வையான வழி வேண்டும் (எஸ்றா 8:21). வழியில் சத்துருக்கள் உண்டு. ராஜாவிடம் குதிரைப்படை கேட்க வெட்கம். ஆகவே தேவனிடம் கேட்டார்கள். யார், எங்கே, என்ன வேண்டும் என்று எல்லாமே அந்த ஒரு வரியில் அடங்கிவிட்டது. உங்கள் ஜெபக்குறிப்பும் அப்படி இருக்கட்டும். "குடும்பத்துக்காக" என்று எழுதினால் பத்து நிமிடத்தில் வார்த்தை தீர்ந்துவிடும். "என் தம்பியோடு பேச்சுவார்த்தை நின்றுபோனது சரியாக வேண்டும், அதில் என் பங்கு என்ன என்று எனக்குத் தெரிய வேண்டும்" என்று எழுதினால் ஒரு நாள் முழுவதும் ஜெபிக்க விஷயம் இருக்கும்.

வேதத்தில் ஜனங்கள் உபவாசித்த காரணங்கள் சில வகைக்குள் அடங்கும். பாவ அறிக்கை: மிஸ்பாவில் இஸ்ரவேலர் (1 சாமுவேல் 7:6), தானியேல் (தானியேல் 9). துக்கம்: சவுலும் யோனத்தானும் யுத்தத்தில் இறந்த செய்தி கேட்டு தாவீதும் அவனோடிருந்தவர்களும் சாயங்காலம்வரை (2 சாமுவேல் 1:12). ஆபத்து: யோசபாத் (2 நாளாகமம் 20:3), எஸ்தர் (எஸ்தர் 4:16). ஊழியத்துக்கான நடத்துதல்: அந்தியோகியா சபை (அப்போஸ்தலர் 13:2-3), சபைதோறும் மூப்பரை ஏற்படுத்தியபோது பவுலும் பர்னபாவும் (அப்போஸ்தலர் 14:23). உங்கள் காரியம் இவற்றில் எதோடு ஒத்துப்போகிறது என்று பார்த்தால், அந்தப் பகுதியையே அன்றைய வாசிப்பாக வைத்துக்கொள்ளலாம்.

கெட்ட நோக்கத்துக்கும் உபவாசம் நடந்திருக்கிறது. நாபோத்தைக் கொல்ல யேசபேல் முதலில் செய்தது உபவாசம் கூறியதுதான் (1 இராஜாக்கள் 21:9). பவுலைக் கொல்லுமளவும் புசிப்பதுமில்லை குடிப்பதுமில்லை என்று நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் சபதம்பண்ணினார்கள் (அப்போஸ்தலர் 23:12-13). சாப்பாட்டை விடுவதில் தன்னளவில் எந்தப் பரிசுத்தமும் இல்லை என்பதற்கு இந்த இரண்டும் போதும். உங்கள் வரியில் யாராவது ஒருவர் தோற்க வேண்டும், அவமானப்பட வேண்டும் என்ற எண்ணம் ஒளிந்திருந்தால், முதலில் அதை அறிக்கையிட்டுவிட்டு வரியைத் திருத்தி எழுதுங்கள்.

இன்னொன்றையும் தொடங்கும் முன்பே மனதில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். வியாதியாய்க் கிடந்த பிள்ளைக்காகத் தாவீது உபவாசித்துத் தரையிலே கிடந்தான். ஏழாம் நாளில் பிள்ளை செத்துப்போயிற்று. அவன் எழுந்து, ஸ்நானம்பண்ணி, கர்த்தருடைய ஆலயத்தில் பணிந்துகொண்டு, வீட்டுக்கு வந்து சாப்பிட்டான் (2 சாமுவேல் 12:16-20). தேவன் கேட்கிற தேவன் என்பதால் அவன் கேட்டான். அவர் ராஜா என்பதால் முடிவை ஏற்றுக்கொண்டான். "இத்தனை நாள் உபவாசம் இருந்தேன், நீர் தந்தே ஆகவேண்டும்" என்ற கணக்கோடு தொடங்குகிறவர்கள் பதில் தாமதிக்கும்போது விசுவாசத்திலேயே இடறிப்போகிறார்கள்.

எவ்வளவு, எவ்வளவு நேரம்

முதல் முறை என்றால் ஒரே ஒரு வேளை, அதுவும் மத்தியானச் சாப்பாடு, போதும். காலையில் வழக்கம்போல் சாப்பிட்டுவிட்டு, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தை அப்படியே ஜெபத்துக்குக் கொடுத்துவிட்டு, இரவு சாப்பிடலாம். இப்படி நான்கைந்து முறை செய்து பழகிய பிறகு 24 மணி நேரத்துக்குப் போகலாம். வியாழன் இரவு 7 மணிக்குச் சாப்பிட்டு முடித்தால் வெள்ளி இரவு 7 மணிக்கு மறுபடி சாப்பாடு. கேட்கப் பெரிதாகத் தெரிந்தாலும் விடுவது இரண்டே வேளைதான். வேலைக்குப் போகிறவர்களுக்கும் வீட்டைக் கவனிக்கிறவர்களுக்கும் இதுவே நடைமுறைக்கு ஏற்ற அளவு. வாழ்நாள் முழுவதும் இதற்கு மேல் போகாவிட்டாலும் குறைவில்லை. எஸ்றா எத்தனை நாள் உபவாசித்தார் என்றுகூட எழுதப்படவில்லை.

தண்ணீர் குடியுங்கள். 24 மணி நேரத்தில் 2 முதல் 3 லிட்டர், ஒரேயடியாக இல்லாமல் பிரித்துப் பிரித்து. தண்ணீரும் இல்லாமல் மூன்று நாள் என்பது எஸ்தரின் ஜனங்கள் உயிர் போகிற நெருக்கடியில் எடுத்த முடிவு. அதை வழக்கமாக்கிக்கொள்ள யாருக்கும் கட்டளை இல்லை, உடம்புக்கு அது ஆபத்தும்கூட. மோசே நாற்பது நாள் அப்பமும் தண்ணீரும் இல்லாமல் இருந்தது கர்த்தரோடு மலைமேல் (யாத்திராகமம் 34:28). எலியா நாற்பது நாள் நடக்குமுன் தூதன் எழுப்பி இரண்டு தரம் சாப்பிட வைத்தான் (1 இராஜாக்கள் 19:5-8). இவற்றை அளவுகோலாக எடுத்துக்கொண்டு 21 நாள், 40 நாள் என்று கிளம்புவதை உறுதியாகத் தவிர்க்கச் சொல்வோம்.

நாட்கணக்கில் இருக்க விரும்புகிறவர்களுக்குத் தானியேல் 10:2-3 நல்ல வழி. மூன்று வாரம் அவர் ருசிகரமான அப்பமும் இறைச்சியும் திராட்சரசமும் எடுக்கவில்லை. பட்டினி கிடக்கவும் இல்லை. எளிய சாப்பாடு, அளவாக, மூன்று வேளையோ இரண்டு வேளையோ. வேலையும் நடக்கும், உடம்பும் தாங்கும். ஆனால் இங்கேயும் கவனம் தேவை: விட்ட இறைச்சிக்குப் பதிலாக விதவிதமாகச் சமைக்க ஆரம்பித்தால் அடுப்படியில் போகும் நேரம் முன்னைவிடக் கூடிவிடும்.

நீங்கள் சார்ந்த திருச்சபைக்கு ஒழுங்கு இருந்தால் அதிலிருந்தே தொடங்குங்கள். கத்தோலிக்கத் திருச்சபையில் திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும் ஒருசந்தியும் சுத்தபோசனமும் உள்ள நாட்கள். ஒருசந்தி என்றால் ஒரு வேளை நிறைவான சாப்பாடு, மற்ற இரண்டு வேளை சிறிதளவு. 18 வயது நிறைந்தவர்கள் 59 வயது நிறையும்வரை இதற்குக் கட்டுப்பட்டவர்கள். இறைச்சியைத் தவிர்க்கும் சுத்தபோசனம் 14 வயது நிறைந்தவர்களிலிருந்து தொடங்குகிறது. ஆர்த்தடாக்ஸ் சபைகள் புதன், வெள்ளிகளிலும் பெரிய நோன்பிலும் இறைச்சி, பால், முட்டை தவிர்க்கின்றன. சிரிய மரபுச் சபைகளுக்கு நினிவே நோன்பு என்ற மூன்று நாளும் உண்டு. புதன், வெள்ளி வழக்கம் மிகப் பழையது. ஆதிச் சபையின் போதனைத் தொகுப்பான ‘டிடாக்கே’யின் 8-ஆம் அதிகாரத்திலேயே அது இருக்கிறது. ஈஸ்டருக்கு முந்தின தவக்காலமான லெந்து நாட்களை நாற்பது என்று எண்ணும்போது ஞாயிற்றுக்கிழமைகள் சேர்வதில்லை, ஏனென்றால் அது உயிர்த்தெழுதலின் நாள். தனியாக நாள் குறிக்கிறவர்களும் ஞாயிற்றை விட்டுவிடுவது நல்லது.

யார் சாப்பாட்டை விடக்கூடாது

கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், வளரும் பிள்ளைகள், எடை மிகக் குறைந்தவர்கள், அறுவை சிகிச்சையிலிருந்து தேறி வருகிறவர்கள், சாப்பாட்டைப் பற்றிய மனநோய்க்கு ஆளாகி மீண்டவர்கள்: இவர்களுக்குச் சாப்பாடு விடும் உபவாசம் வேண்டாம். கடைசியாகச் சொன்னவர்களைச் சபையில் பெரும்பாலும் யாரும் நினைப்பதில்லை. பட்டினியே நோயாக இருந்த ஒருவருக்கு ஆவிக்குரிய காரணத்தோடு பட்டினியை மறுபடி கொடுத்தால் பழைய குழிக்கே அவர் திரும்பிவிடக்கூடும்.

சர்க்கரை நோயாளிகள் மருத்துவரைக் கேட்காமல் ஒரு வேளையைக்கூட விடக்கூடாது. இன்சுலின் போடுகிறவர்களுக்கும், கிளிமெபிரைடு, கிளிப்பிசைடு போன்ற மாத்திரை எடுக்கிறவர்களுக்கும் சாப்பிடாத நேரத்திலும் மருந்து சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும். டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் எடுக்கிறவர்களுக்கு வேறு ஆபத்து: பட்டினியில் இரத்தம் அமிலமாகும் நிலை வரலாம், அப்போது சர்க்கரை அளவு சாதாரணமாகவே காட்டக்கூடும். சர்க்கரை நோய் உள்ள ஒருவருக்கு வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, பேச்சில் தடுமாற்றம் இவற்றில் எது தெரிந்தாலும் அந்த நிமிஷமே உபவாசத்தை முடித்து 15 கிராம் குளுக்கோஸ் அல்லது சர்க்கரை கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதியுங்கள். சோதனையில் 70 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் அறிகுறி ஒன்றும் இல்லாவிட்டாலும் இதையே செய்ய வேண்டும். "ஜெபித்து முடித்துவிட்டுப் பார்க்கலாம்" என்று தள்ளிப்போடக் கூடாது. ஆள் மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

இரத்த அழுத்த மாத்திரை, நீர் பிரிய மாத்திரை, லித்தியம் என்ற மனநல மருந்து எடுக்கிறவர்களும், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் முன்கூட்டியே மருத்துவரிடம் பேச வேண்டும். வலி மாத்திரைகளில் பல வெறும் வயிற்றைப் புண்ணாக்கும். எந்த மருந்தையும் உபவாசத்துக்காக நீங்களே நிறுத்தாதீர்கள். மருந்தோடு சாப்பிட வேண்டிய உணவைச் சாப்பிடுவது உபவாசத்தை முறித்ததாகாது. திருவிருந்துக்கு முன் ஒரு மணி நேரம் எதுவும் உண்ணக்கூடாது என்ற கத்தோலிக்க ஒழுங்கிலேயே தண்ணீருக்கும் மருந்துக்கும் விலக்கு உண்டு. முதியவர்களுக்கும் நோயாளிகளுக்கும் அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் அந்த ஒரு மணி நேரமே இல்லை.

சாப்பாட்டை விட முடியாதவர்கள் இரண்டாம் தரத்தார் அல்ல. இனிப்பு, கைபேசி, தொலைக்காட்சி, சாயங்கால அரட்டை என்று நேரம் எடுக்கிற ஒன்றை விட்டு அந்த நேரத்தை ஜெபத்துக்குக் கொடுக்கலாம். தம்பதியர் ஜெபத்துக்காகச் சில காலம் பிரிந்திருக்க நினைத்தால் இருவரும் சம்மதிக்க வேண்டும் என்று 1 கொரிந்தியர் 7:5 தெளிவாகச் சொல்கிறது. ஒருவர் தீர்மானித்து மற்றவர்மேல் சுமத்துவதற்கு அங்கே இடமே இல்லை.

முந்தின நாட்கள்

காபி, தேநீர் தினமும் குடிக்கிறவர்களுக்கு உபவாச நாளில் வருகிற தலைவலி பெரும்பாலும் பசியால் வருவதில்லை. கடைசிக் கோப்பையிலிருந்து 12 முதல் 24 மணி நேரத்துக்குள் அது தொடங்கும், அதாவது சரியாக மத்தியான ஜெபத்தில் வந்து உட்காரும். ஒரு வாரம் முன்பிருந்தே நாளுக்குக் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு வாருங்கள். மறந்துவிட்டால், காலையில் பால், சர்க்கரை இல்லாமல் அரைக் கோப்பை குடித்துவிட்டு நிம்மதியாக ஜெபிப்பதே மேல்.

முந்தின இரவு "நாளைக்குக் கிடைக்காதே" என்று வயிறு முட்டச் சாப்பிடாதீர்கள். மறுநாள் பசி சீக்கிரமும் கடுமையாகவும் வரும். உப்பும் காரமும் எண்ணெயும் குறைத்து, அளவாகச் சாப்பிட்டுவிட்டு, வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாகத் தூங்குங்கள். தூக்கம் குறைந்தவர்கள் உபவாச ஜெபத்தில் தூங்கிவிழுகிறார்கள். முழு இரவு ஜெபத்தையும் உபவாசத்தையும் ஒரே நாளில் சேர்த்துக்கொள்வது பழகியவர்களுக்கே கடினம்.

வீட்டில் சமைக்கிறவரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். மத்தேயு 6:16-18-ல் இயேசு கண்டித்தது மனுஷர் காணும்படி முகத்தை வாடப்பண்ணினவர்களை. தலைக்கு எண்ணெய் பூசி முகம் கழுவு என்றது வழக்கமான நாளைப்போலவே தோன்று என்பதற்காக. சமைத்து வைத்தபின் "எனக்கு வேண்டாம்" என்று சொல்லி ஒருவர் உழைப்பை வீணாக்குவது அந்த இரகசியத்தோடு சேராது. வேலையிடத்தில் யாராவது சாப்பிடக் கூப்பிட்டால் "இன்றைக்கு எனக்கு வேண்டாம், நீங்கள் சாப்பிடுங்கள்" என்றால் போதும். வயிறு சரியில்லை என்று பொய் சொல்லாதீர்கள். நேராகவே கேட்டால் நேராகவே பதில் சொல்லலாம். நிலைத்தகவலில் போடுவதுதான் வேண்டாதது.

அன்றைய நாள்

பசி நாள் முழுவதும் ஒரே சீராக ஏறிக்கொண்டே போகாது. வழக்கமாகச் சாப்பிடுகிற நேரத்தில் எழும்பும். சாப்பிடாவிட்டாலும் கொஞ்ச நேரத்தில் தானே அடங்கும். ஆகவே ஜெப வேளைகளைச் சரியாக அந்த நேரங்களில் வையுங்கள். காலை 8-க்குச் சாப்பிடுகிறவர் 8-க்கு, மத்தியானம் 1-க்குச் சாப்பிடுகிறவர் 1-க்கு. காலையில் 30 நிமிடம், மத்தியானம் 30 நிமிடம், சாயங்காலம் முடிக்குமுன் 30 நிமிடம் என்று மொத்தம் ஒன்றரை மணி நேரம் ஒரு வேலைநாளுக்குத் தாராளம். நடுவில் வேலை செய்யலாம். ஆனால் கடின உடலுழைப்பு, நீண்ட தூரம் வண்டி ஓட்டுதல், உயரத்தில் ஏறிச் செய்யும் வேலை உள்ள நாளைத் தேர்ந்தெடுக்காதீர்கள். திடீரென்று எழுந்தால் தலைசுற்றும்.

காலை வேளையில் சங்கீதங்கள். பாவத்துக்காக மனம் வருந்தும் சங்கீதங்கள் என்று சபை நெடுங்காலமாக வகுத்து வைத்திருப்பவை ஏழு: 6, 32, 38, 51, 102, 130, 143. ஒன்றை எடுத்து வாய்விட்டு மெதுவாக இரண்டு முறை வாசியுங்கள். பின்பு நீங்கள் எழுதிய ஒரு வரியைத் தேவன் முன் வாசித்து வையுங்கள். விரிவான விண்ணப்பம் இப்போது வேண்டாம்.

மத்தியான வேளைதான் நாளின் மையம். இதற்கு நெகேமியா முதலாம் அதிகாரத்தைவிட நல்ல மாதிரி கிடைக்காது. எருசலேமின் அலங்கம் (மதில்) இடிந்து கிடக்கிறது என்ற செய்தி கேட்டு அவர் அழுது, உபவாசித்து, மன்றாடினார். எழுதப்பட்ட ஜெபம் 5-ஆம் வசனம் முதல் 11 வரை, ஏழே வசனம். அதைத் திறந்துவைத்து நான்கு துண்டாகப் பிரியுங்கள். 5-ஆம் வசனத்தில் தேவன் யார் என்று சொல்கிறார்: பரலோகத்தின் தேவன், உடன்படிக்கையையும் கிருபையையும் காக்கிறவர். இதற்கு 5 நிமிடம். உங்கள் காரியத்துக்கு ஏற்ற தேவனுடைய குணம் எது என்று கண்டுபிடித்து அதைச் சொல்லி ஸ்தோத்திரியுங்கள். 6, 7 வசனங்களில் பாவ அறிக்கை. "அவர்கள்" என்று தள்ளிவிடாமல் நானும் என் தகப்பன் வீட்டாரும் என்று தன்னையும் சேர்த்துக்கொள்கிறார். இதற்கு 10 நிமிடம் கொடுங்கள், அவசரப்படாதீர்கள். பொதுவாக "என் பாவங்களை மன்னியும்" என்று முடித்துவிடாமல் நடந்ததைப் பெயர் சொல்லி அறிக்கையிடுங்கள். 8, 9-ல் மோசேக்குக் கொடுத்த வார்த்தையைத் தேவனுக்கு நினைப்பூட்டுகிறார். இதற்கும் 10 நிமிடம். உங்கள் காரியத்துக்கு வேதத்தில் உண்மையிலேயே பொருந்துகிற வாக்கு எது என்று முந்தின நாளே தேடி எழுதி வைத்திருக்க வேண்டும், ஜெபத்தின் நடுவே புரட்டிக்கொண்டிருந்தால் ஓட்டம் அறுந்துவிடும். கடைசியில், 11-ஆம் வசனத்தில்தான் குறிப்பான வேண்டுதல் வருகிறது: இன்றைக்கு இந்த மனுஷனுக்கு (அதாவது ராஜாவுக்கு) முன்பாக எனக்கு இரக்கம் கிடைக்கப்பண்ணும். ஒரு நாள், ஒரு மனிதர், ஒரு காரியம். இதற்கு 5 நிமிடம் போதும், ஏனென்றால் முந்தின 25 நிமிடத்தில் என்ன கேட்பது என்பது தெளிந்திருக்கும். பலமுறை எழுதிவைத்த வரியே இந்த இடத்தில் மாறிவிடும். மாறினால் அடித்துவிட்டுப் புதிதாக எழுதுங்கள்.

சாயங்கால வேளையை மற்றவர்களுக்காக வையுங்கள். உங்களுக்காக ஜெபிக்கச் சொன்னவர்கள், நோயாளிகள், சபையின் ஊழியர்கள், உங்களுக்குத் தீங்கு செய்தவர். பெயர்களை எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக. கடைசியில் ஐந்து நிமிடம் எதுவும் பேசாமல் உட்காருங்கள்.

எங்கே கெடுகிறது, ஏன்

மனம் அலைவது எல்லோருக்கும் உண்டு. கட்ட வேண்டிய பணம், செய்ய வேண்டிய அழைப்பு எல்லாம் முழங்காலில் நின்றதும் வரிசையாக நினைவுக்கு வரும். பக்கத்தில் ஒரு துண்டுத்தாள் வைத்து, வந்ததை இரண்டு சொல்லில் குறித்துவிட்டு ஜெபத்துக்குத் திரும்புங்கள். அடக்க முயன்றால்தான் அது திரும்பத் திரும்ப வரும். கைபேசியை அடுத்த அறையில் வையுங்கள். வேதாகமம் கைபேசியில்தான் இருக்கிறது என்றால் அன்றைக்கு மட்டுமாவது அச்சுப் புத்தகத்தை எடுங்கள்.

தூக்கம் வந்தால் முழங்காலில் நின்றே போராட வேண்டாம். எழுந்து நடந்துகொண்டே வாய்விட்டு ஜெபியுங்கள், முகம் கழுவுங்கள். வார்த்தை வரவில்லை என்றால் சங்கீதம் 130-ஐ எடுங்கள். எட்டே வசனம், ஒவ்வொரு வசனத்துக்குப் பின்னும் உங்கள் சொந்த வார்த்தையில் ஒரு வாக்கியம் சேருங்கள்.

எரிச்சல்தான் உபவாசத்தின் பெரிய சோதனை. மத்தியானம் மூன்று மணிக்குமேல் பிள்ளைகளிடமும் கீழே வேலை செய்கிறவர்களிடமும் குரல் உயரும். ஏசாயா 58:3-4-ல் கர்த்தர் கண்டிப்பது இதைத்தான்: உபவாச நாளிலேயே வேலைகளைக் கட்டாயமாய் வாங்குகிறீர்கள், வழக்கும் வாதும் செய்து குத்துகிறீர்கள் என்கிறார். கோபப்பட்டுவிட்டால் சாயங்கால ஜெபம்வரை காத்திருக்காமல் அப்போதே போய் மன்னிப்புக் கேளுங்கள். உபவாசம் இருப்பவர் வீட்டில் இருக்கிறார் என்பதையே மற்றவர்கள் பயந்துகொண்டு தெரிந்துகொள்ளும் நிலை இருந்தால், அடுத்த முறை நேரத்தைக் குறையுங்கள்.

பெருமை சத்தமில்லாமல் நுழையும். வாரத்தில் இரண்டுதரம் உபவாசிக்கிறேன் என்ற பரிசேயன் சொன்னது பொய்யாக இருந்திருக்காது. ஆனால் நீதிமானாக்கப்பட்டவனாய் வீட்டுக்குத் திரும்பியது ஆயக்காரன் (லூக்கா 18:12-14). "அவர் இருப்பதில்லையே" என்று இன்னொருவரை நினைத்துவிட்டீர்கள் என்றால் அதையும் பாவ அறிக்கையில் சேருங்கள்.

மறந்துபோய் எதையாவது வாயில் போட்டுவிட்டால் விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். உடம்பு முடியாமல் நடுவில் சாப்பிட நேர்ந்தால் குற்றவுணர்வில்லாமல் சாப்பிட்டுவிட்டு, ஜெப வேளைகளை மட்டும் திட்டப்படி முடியுங்கள்.

முடிக்கும் விதம்

24 மணி நேரத்துக்குப் பிறகு முதலில் தண்ணீர், பழம் அல்லது சூப் என்று சிறிதளவு. அரை மணி நேரம் கழித்து வழக்கமான சாப்பாட்டில் பாதி. பசியின் வேகத்தில் ஒரே மூச்சில் சாப்பிட்டால் வயிற்றுவலியும் வாந்தியும்தான் வரும். மூன்று நாள் இருந்தவர்கள் முதல் நாள் முழுவதும் வழக்கத்தில் பாதி அளவோடு, எண்ணெயும் காரமும் இல்லாமல் நிறுத்துங்கள்.

ஐந்து நாளுக்கு மேல் உணவில்லாமல் இருந்த உடம்பில் சாப்பாடு மறுபடி நுழையும்போது இரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் சடாரென்று இறங்கி இதயத் துடிப்பே குழம்பிப்போகக்கூடும். நீண்ட உபவாசத்தில் இருப்பதைவிட முடிப்பதில்தான் ஆபத்து அதிகம் என்று சொல்வது இதனால். மருத்துவரின் மேற்பார்வை இல்லாமல் அந்த அளவுக்குப் போகவே வேண்டாம்.

விட்ட சாப்பாட்டின் மதிப்பைக் கணக்கிட்டு எடுத்து வையுங்கள். 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ‘எர்மாவின் மேய்ப்பன்’ என்ற கிறிஸ்தவ நூலில் இந்த வழக்கம் சொல்லப்பட்டிருக்கிறது: உபவாச நாளில் அப்பமும் தண்ணீரும் மட்டும் எடுத்து, மிச்சமான உணவின் செலவைக் கணக்குப் பார்த்து விதவைக்கோ திக்கற்ற பிள்ளைக்கோ இல்லாதவருக்கோ கொடுக்க வேண்டும். ஏசாயா 58:7-ம் பசியுள்ளவனுக்கு உன் ஆகாரத்தைப் பகிர்ந்துகொடு என்றுதான் சொல்கிறது. இதை "பிறகு பார்க்கலாம்" என்று விட்டால் நடக்காது. இரவு சாப்பிட உட்காருமுன் பணத்தைத் தனியே எடுத்து வைத்து, யாருக்கு என்று பெயரும் எழுதிவிடுங்கள். மத்தேயு 6-ல் தர்மமும் ஜெபமும் உபவாசமும் அடுத்தடுத்து வருகின்றன. மூன்றையும் சேர்த்தே செய்யுங்கள்.

சபையாக உபவாசிக்கும்போது

நடத்துகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது கட்டாயம் கூடாது என்பது. யுத்த நாளில் சாயங்காலம்வரை யாரும் புசிக்கக்கூடாது என்று சவுல் ராஜா ஆணையிட்டு ஜனங்களைக் கட்டினான். அவர்கள் விடாய்த்துப்போனார்கள்; கடைசியில் கொள்ளையின்மேல் பாய்ந்து இரத்தத்தோடே சாப்பிட்டுப் பாவம் செய்தார்கள் (1 சாமுவேல் 14:24-32). அறிவிப்பிலேயே "முடிந்தவர்கள், முடிந்த அளவு" என்று சொல்லுங்கள். யார் இருக்கிறார்கள் என்று கை தூக்கச் சொல்லாதீர்கள், பெயர்ப் பட்டியல் எடுக்காதீர்கள்.

பத்து மணிக்குத் தொடங்கி மூன்று மணிக்கு முடியும் கூடுகையில் பிரசங்கமும் பாட்டும் நான்கு மணி நேரம், ஜெபம் அவசரமாக ஒரு மணி நேரம் என்று ஆகிவிடுவதுதான் வழக்கமான கோளாறு. திருப்பிப் போடுங்கள்: 20 நிமிடம் வேத வாசிப்பும் விளக்கமும், 40 நிமிடம் ஜெபம், இப்படி மணிக்கு ஒரு ஜெபக்குறிப்பு. மூன்று, நான்கு பேர் கொண்ட சிறு குழுக்களாகப் பிரித்தால் வாய் திறக்காதவர்களும் ஜெபிப்பார்கள். ஒருவரே ஒலிபெருக்கியில் ஜெபித்துக்கொண்டிருந்தால் மற்றவர்கள் கேட்பவர்களாகிவிடுகிறார்கள். பின்னால் தண்ணீரும், தேவைப்படுகிறவர்களுக்குச் சாப்பிட ஏதாவதும், படுக்க ஓர் இடமும் இருக்கட்டும்.

வேத வாசிப்பைச் சுருக்கிவிடவும் வேண்டாம். யோயாக்கீம் ராஜாவின் நாளில் எருசலேமில் உபவாசம் கூறப்பட்டது, எரேமியா சொல்லி எழுதவைத்த புஸ்தகச் சுருளைப் பாருக்கு வாசித்தான், ராஜாவோ அதைத் துண்டு துண்டாக அறுத்து நெருப்பில் போட்டான் (எரேமியா 36:9-23). அந்தியோகியாவில் நடந்தது நேரெதிர். ஆராதித்து உபவாசிக்கும்போது ஆவியானவர் பேசினார். கேட்டவர்கள் மறுபடியும் உபவாசித்து, ஜெபித்து, கைகளை வைத்து, பர்னபாவையும் சவுலையும் (பவுலையே இங்கே சவுல் என்கிறது) அனுப்பிவிட்டார்கள். கூடுகை முடிகிற நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று சபைக்குத் தெளிவானதை யார், எந்தத் தேதிக்குள் என்று எழுதிவிட்டுக் கலையுங்கள்.

பிறகு

அன்றிரவே குறிப்பேட்டில் தேதி, ஜெபக்குறிப்பு, வாசித்த பகுதி, திருத்திய வரி, யாரிடம் ஒப்புரவாக வேண்டும் என்று தெரிந்தது ஆகியவற்றை எழுதுங்கள். பசி மயக்கத்தில் பெரிய முடிவு எதையும் அன்றே அறிவிக்காதீர்கள்; வேலையை விடுவது, திருமணம், ஊழியத்துக்குப் போவது போன்றவற்றை இரண்டு நாள் கழித்து, சாப்பிட்டுத் தூங்கிய பின்னும் அதே தெளிவு இருக்கிறதா என்று பார்த்து, போதகரிடமோ முதிர்ந்த விசுவாசி ஒருவரிடமோ சொல்லிக் கேளுங்கள்.

பதில் வராவிட்டால் உபவாசத்தின் நாட்களைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். நெகேமியா கிஸ்லேவு மாதத்தில் செய்தியைக் கேட்டார். ராஜா அவரிடம் விசாரித்தது நிசான் மாதத்தில், ஏறக்குறைய நான்கு மாதம் கழித்து. அதுவரை அரமனையில் பானபாத்திரக்காரன் வேலையை அவர் விடவில்லை. நீங்களும் வாரத்துக்கு ஒரு நாள் என்று வைத்து, அதே வரியைக் கையில் வைத்துக்கொண்டு நான்கு வாரம் தொடருங்கள். பின்பு ஒரு வாரம் விட்டு, குறிப்பேட்டை முதலிலிருந்து வாசித்துவிட்டு, தொடரலாமா என்று தீர்மானியுங்கள்.